மழைக்கு எந்தப் போன்

தோட்டத்தில் வரிசை வீடுகளாக நிற்கிற எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை பிளந்து கிடக்கிறது. பிளந்து என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு கோடு. என் கை நுழையும் அகலம், அவ்வளவுதான். கொழும்பிலிருந்து அதிகாரிமார் வந்து அதில் கம்பு நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மழை பலமாகப் பெய்தால் தகவல் வரும், வந்த உடனே எல்லாரும் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். வேறு இடம் எப்போது தருவீர்கள் என்று நான்தான் கேட்டேன். மேலே எழுதி அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து மழைச் சத்தம் எனக்கு வேறு சத்தமாகிவிட்டது. இந்த மலையிலேயே பிறந்து, மழையில் நனைந்து கொழுந்து எடுத்து, மழையிலேயே பிள்ளை பெற்றவள் நான். ரப்பர் சீட்டை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டால் எந்த மழையும் எனக்கு மழை இல்லை. அப்படி இருந்தவள் இப்போது கூரைத் தகரத்தில் நாலு துளி விழுந்தாலே எழுந்து பின்பக்கம் ஓடுகிறேன். பின்சுவரில் காதை வைத்துக் கேட்பேன். சுவர் சில்லென்று இருக்கும். உள்ளே ஏதோ நகர்கிற மாதிரி இருக்கும். காதை எடுத்துவிட்டு மறுபடியும் வைப்பேன்.

நான் ஒருத்தி என்றால் பரவாயில்லை. என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் விழுந்து சில வருஷமாகிறது. அந்தப் பக்கத்துக் கையும் காலும் வராது. வாயும் கோணிக்கொண்டது. பேசுவார், ஒரு சொல் இரண்டு சொல். அதுவும் எனக்கும் பழகின ஓரிரண்டு பேருக்கும்தான் விளங்கும். அவரைத் தூக்க இரண்டு ஆம்பிளையாவது வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற படியோ பாசி பிடித்து வழுக்கும். அதனால் தகவல் எங்களுக்கு முதலில் வர வேண்டும். எல்லாருக்கும் பிறகு வந்தால் தூக்க ஆள் இருக்காது.

போன மழையில் அதுதான் நடந்தது. பொழுது சாய்கிற நேரம். நான் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மழை இரைச்சல் காதை அடைத்தது. கொஞ்ச நேரம் கழித்து எனக்கு என்னவோ போல இருந்தது. என்னவென்று விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது: லயத்தில் மனிதச் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் எந்நேரமும் அலறும் டிவி இல்லை, பிள்ளைகளின் கூச்சல் இல்லை, நாய் கூட இல்லை. இஸ்தோப்புக்கு, வாசல் திண்ணைக்கு, வந்து பார்த்தேன். எல்லாக் கதவும் பூட்டிக் கிடந்தது. ஒரு கதவு மட்டும் திறந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

கிராம சேவகர் ஐயா போனில் எல்லாருக்கும் குரல் அனுப்பியிருக்கிறார். அதற்கென்று ஒரு குரூப்பு வைத்திருக்கிறார்கள். டச் போன் உள்ளவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். என்னிடம் இருந்தது பட்டன் போன். அதற்குக் கோல் வரும், போகும், பேசலாம். குரூப்புக் கிருப்பு ஒன்றும் வராது. இவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேலே போய் ஆளை எண்ணிப் பார்த்த பிறகுதான் என் தம்பி மகனுக்கு உறைத்து, அவனும் இன்னொருவனும் மழையோடு மழையாக ஓடி வந்து அவரைக் கம்பளியில் கட்டித் தூக்கினார்கள். அன்று மலை ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டின கதவுகள் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற மகன் இதைக் கேட்டுவிட்டு அழாத குறை. டச் போன் வாங்கித் தருகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். எனக்கு அது சரிவராது என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் தேவை இல்லை என்றேன். அவன் விடவில்லை. இரண்டு போன் பார்த்து வைத்திருக்கிறானாம், விலை ஏறக்குறைய ஒன்றுதானாம். "நம்ம லயத்துலயே ரெண்டும் இருக்கும்மா. ரெண்டையும் கையில வாங்கிப் பாத்துட்டு எதுன்னு சொல்லுங்க" என்றான்.

உண்மைதான், இரண்டும் இருந்தன. கறுப்புப் போன் கடைசிக் காம்பராக்காரியிடம். அவள் பிள்ளைக்காம்பராவில் ஆயா. வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். நீலப் போன் என் தம்பி மகனிடம். அவன் ஓட்டோ ஓட்டுகிறான். இவர்கள் இரண்டு பேருக்கும் முன்பே ஒருவரை ஒருவர் சீண்டாமல் பொழுது போகாது. இப்போது தேர்தல் வந்த மாதிரி ஆகிவிட்டது. என் இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் வாக்குக் கேட்டார்கள்.

"யக்கா, இதுல படம் பாத்தீங்கன்னா ஆளு நேர்ல நிக்கிற மாதிரி இருக்கும்" என்றாள் அவள். "அவன் போன்ல எடுத்தா நானே பேயாட்டம் இருக்கேன்."

"போன் உள்ளதத்தானே காட்டும்" என்றான் இவன்.

அவள் பிரம்பை எடுக்காத குறையாக அவனைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். சிரித்தால் அவருக்கு வாய் ஒரு பக்கம்தான் போகும்.

கறுப்புப் போன் மெல்லியது, கண்ணாடி அகலம், வெளிச்சம் அதிகம். நீலப் போன் தடித்தது, முனை எல்லாம் ரப்பர், சத்தம் காதைப் பிளக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுகிற ஒரு வீடியோவையும் மகன் ஆயாவின் போனுக்கு அனுப்பியிருந்தான். இந்தியாக்காரப் பிள்ளை ஒருவன், மூச்சு விடாமல் பேசினான். கேமராவைப் பற்றிச் சொன்னான், விளையாட்டைப் பற்றிச் சொன்னான், எது சீக்கிரம் சூடாகும் என்று சொன்னான். நான் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டேன். பள்ளத்துக்குள் இருக்கிற லயத்தில் எது கேட்கும் என்று அவன் சொல்லவே இல்லை. மழை என்ற சொல்லே வரவில்லை. அந்தப் பிள்ளை வெயில் ஊரில் இருக்கிறான் போல.

லயத்து ஆட்களுக்கு முன்னால் வைத்து அந்தக் கண்ணாடியைத் தொட எனக்கு விருப்பம் இல்லை. தெரியவில்லை என்றால் சிரிப்பார்கள். நாளைக்குத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அதுதான் கதையாக ஓடும். ஆகவே ஒன்றும் சொல்லாமல், ஹட்டன் டவுனுக்குப் போக வேண்டும் என்று தம்பி மகனை ஓட்டோ எடுக்கச் சொன்னேன். போன் கடையில் வைத்துப் பார்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

கடைக்காரர் சிங்கள ஆள், வயதானவர், பாதித் தமிழ் பேசுவார். மரியாதையான மனிதர். உட்கார நாற்காலி போட்டார். இரண்டு போனையும் கண்ணாடி மேசைக்கு மேல் எடுத்து வைத்தார். முதலில் பூட்டுப் போடலாம், அம்மாவின் பெருவிரலை வைத்தால் போதும், பிறகு அம்மாவைத் தவிர யாருக்கும் திறக்காது என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நான் கைநாட்டு வைக்கிறவள் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை, ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே என் பேரை எழுதப் பழகிவிட்டேன். சம்பளத்துக்கும் சரி, பென்ஷன் காசுக்கும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, மை டப்பாவை நீட்டினால் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்பேன். எழுத நேரம் எடுக்கும். எடுக்கட்டும். பின்னால் நிற்கிறவர்கள் நிற்கட்டும். அப்படி இருந்த என்னை இந்த வயதில் பெருவிரல் வைக்கச் சொல்கிறது ஒரு போன்.

சரி, போகட்டும் என்று வைத்தேன். அது ஏற்கவில்லை. மறுபடி வைத்தேன். ஏற்கவில்லை. கடைக்காரர் துணியால் என் விரலைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். ஆள்காட்டி விரல், நடுவிரல், வலது, இடது. நீலப் போனிலும் அதே கதை. அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி பெருவிரலிலும் அடுத்த விரல்களிலும் ரேகை என்று ஒன்றும் மிச்சம் இல்லை. தேயிலைச் சாறு ஊறிக் கறுத்து, குறுக்கே வெடித்து, மரப்பட்டை மாதிரி இருந்தன.

"பே அம்மே" என்றார். முடியாது அம்மா என்று. அந்த ஆள் அதைச் சொன்ன விதத்தில் கேலி இல்லை. வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் மோசம்.

பிறகு சுண்டுவிரலை வைக்கச் சொன்னார். அந்த விரல் ஒரு கொழுந்தும் கிள்ளினதில்லை, சும்மா கூட இருந்து வேடிக்கை பார்த்த விரல். அதை மட்டும் இரண்டு போனும் உடனே ஏற்றுக்கொண்டன. ஓட்டோக்காரன் சிரித்தே விட்டான். "அத்தே, ஒழச்ச வெரலுக்கு மரியாத இல்ல பாத்தீங்களா" என்றான். நான் சிரிக்கவில்லை. எனக்குள் பயம் ஏறத் தொடங்கியிருந்தது. பூட்டு இல்லாமலும் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் கோல் வரும்போது கண்ணாடியில் பச்சை வட்டத்தை இழுக்க வேண்டுமே. கடைக்காரர் தன் போனிலிருந்து கோல் எடுத்தார். நான் பெருவிரலால் இழுத்தேன், சுண்டுவிரல் தனியாக இழுக்க வராது. என் விரல் கண்ணாடியில் போகிறது, வட்டம் அப்படியே நிற்கிறது. கல்லில் கல்லைத் தேய்த்த மாதிரி. மூன்றாம் முறையோ நாலாம் முறையோ வந்தது. அதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிட்டது.

ஹட்டனிலிருந்து திரும்பினோம். ஓட்டோவின் இரண்டு பக்கமும் தேயிலை, பனி மூடிக் கிடந்தது. மணி அடிப்பதும், நான் விரலால் தேய்ப்பதும், அது ஓய்வதும், அவர் கட்டிலில் கிடப்பதும் மாறி மாறிக் கண்ணுக்குள் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மகனிடம் சொல்லிவிட்டேன், மழையில்தான் பார்க்க வேண்டும் என்று. மழை வருகிற அன்றைக்குக் கை ஈரமாகத்தான் இருக்கும். கடையில் உலர்ந்த கையாலேயே முடியவில்லை, ஈரக் கையால் என்னத்தை எடுப்பேன்? ரோஷத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது, அவன் இந்நேரம் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான்.

மழை வர நாள் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். ஆயா தன் கறுப்புப் போனைக் கொண்டுவந்தாள். தம்பி மகன் நீலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னொருவனுடைய போனை வாங்கிக்கொண்டு மேலே ரோட்டுக்குப் போனான். அங்கிருந்து மாறி மாறிக் கோல் எடுப்பதாக ஏற்பாடு. நான் பீலியில் கையை நனைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

நீலப் போனில் ஒரு நல்ல வித்தை இருந்தது. கண்ணாடியைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் உள்ள பட்டனை அமுக்கினாலே கோலை எடுத்துவிடும். தம்பி மகன் அப்படி மாற்றி வைத்திருந்தான். என் பழைய போன் மாதிரியே. எனக்கு உயிர் வந்தது. இதுதான் என் போன் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். ஆனால் அது அடிக்க வேண்டுமே! இஸ்தோப்பில் நின்றால் அடித்தது. காம்பராவுக்குள் கட்டில் பக்கம் கொண்டுபோனால் சிக்னல் கோடு ஒவ்வொன்றாக விழுந்து, ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. அடுப்படியில் பேச்சே இல்லை. எங்கள் காம்பரா மலையோடு ஒட்டினது.

கறுப்புப் போன் நேர் மாறு. கட்டிலுக்குப் பக்கத்திலும் அடித்தது, அடுப்படியிலும் அடித்தது. எடுக்கத்தான் முடியவில்லை. ஈரக் கை பட்டதும் கண்ணாடி பேய் பிடித்த மாதிரி தானாக எங்கெங்கோ போனது. ஒரு தரம் வெட்டிவிட்டது. பட்டனை அமுக்கினால் சத்தம்தான் நின்றது.

ஒன்று அடிக்கிறது, எடுக்க முடியவில்லை. ஒன்றை எடுக்கலாம், அடிக்காது. இதற்கு நடுவில் நான் நிற்கிறேன், கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஆயா ஏதோ ஆறுதல் சொன்னாள். கேட்கவில்லை. தகரத்தில் மழை வலுத்துக்கொண்டே வந்தது. மகன் எந்தப் போனை வாங்கித் தந்தாலும் அந்த நாள் வரும்போது நான் இப்படித்தான் நிற்பேன் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. கையைத் துடைக்க ஒரு துணி தேடினேன். கறுப்புப் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனேன்.

அது மறுபடி அடித்தது. மேலே நிற்கிறவனுக்கு இங்கே நடப்பது தெரியாதே. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சட்டென்று மணி நின்றது. பிறகு தம்பி மகனின் குரல் காம்பராவுக்குள் கேட்டது, "அலோ, அலோ, அத்தே" என்று.

வந்து பார்த்தால் போன் என் வீட்டுக்காரரின் இடது கையில் இருக்கிறது. பெருவிரலால் இழுத்திருக்கிறார். ஒரே இழுப்பு.

ஆயா வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் கிட்டப் போய் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். தினமும் குளிப்பாட்டுகிற கைதான், ஆனால் அன்றுதான் பார்த்தேன். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த கை அது. எங்கள் கல்யாணத்தில் என் கையைப் பிடித்தபோது கருங்கல் மாதிரி இருந்தது. கட்டிலில் கிடந்து கிடந்து காய்ப்பெல்லாம் உரிந்து, பச்சைப் பிள்ளையின் கை மாதிரி ஆகியிருந்தது. ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு" என்றார். போனைக் காட்டி மறுபடி, "எனக்கு."

எல்லாரும் என் விரலைத்தான் பார்த்தோம். அந்த ஆளிடம் யாரும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போக வேண்டிய ஒன்றாகத்தான் அவரை நாங்கள் எல்லாரும் கணக்கில் வைத்திருந்தோம், நானும்தான்.

ஆனால் எனக்கு அது நிம்மதியாக இல்லை. அவர் சாப்பிடுகிற மாத்திரை தூக்க மாத்திரைக்குச் சமம். பகலிலும் கண் சொருகிக் கிடப்பார். அவர் தூங்கும்போது தகவல் வந்தால்? போன் கட்டிலிலிருந்து விழுந்து, குனிந்து எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டே கிடந்தால்? நீலம் என்றால் நான் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துகொள்கிறேன், அடுப்புப் பக்கமே போகவில்லை என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். தம்பி மகனும் நீலத்துக்குத்தான் பேசினான், அவன் பேசாமல் இருப்பானா. ஆயா சொன்னது நியாயமாகப் பட்டது. "யக்கா, நீங்க எங்க போனாலும் வருவீங்க. அண்ணன் எங்கயும் போகப் போறதில்ல. காவலுக்கு அவரு இருக்கட்டும்" என்றாள். அவர் போனைப் பிடித்த பிடியை விடவில்லை. என்னால் அதைப் பிடுங்க முடியவில்லை. கறுப்பு என்று மகனுக்குச் சொல்லிவிட்டோம்.

மகன் அடுத்த லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தான். எழுத்து எதுவும் வேண்டாத மாதிரி, எங்கள் எல்லாருடைய முகப் படத்தையும் கண்ணாடியில் போட்டு வைத்தான். முகத்தைத் தொட்டால் அந்த ஆளுக்குக் கோல் போகும். குரூப்பில் சேர்த்துவிட்டு, குரல் வந்தால் எப்படிக் கேட்பது என்றும் காட்டினான். அவர் ஒரே நாளில் பழகிக்கொண்டார். போனில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டேன், விழாமல் இருக்க. என் பட்டன் போனை நான் விடவில்லை. அவர் என் முகப் படத்தைத் தொட்டால் அதில் அடிக்குமே.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பயம். மலையைப் பார்த்து ஒன்று, அவர் கண்ணைப் பார்த்து ஒன்று. மழை இருட்டினால், அவர் கண் மூடப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மூடினால் எதையாவது கேட்டு எழுப்பிவிடுவேன். அவருக்குக் கோபம் வரும். "போடி" என்பார். அந்தச் சொல் மட்டும் முன்பு மாதிரியே தெளிவாக வரும்.

அந்த நாள் வந்தபோது நான் வீட்டில் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. மேலே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போயிருந்தேன். காலையில் வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. வரிசையில் நிற்கும்போதே இருட்டிக்கொண்டு வந்தது, கண் மூடித் திறப்பதற்குள் கொட்டத் தொடங்கியது. வேலை நாள். லயத்து ஆட்கள் எல்லாரும் தூர மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், அங்கே எந்தப் போனும் கேட்காது. லயத்தில் நடமாடக்கூடிய ஆள் என்று ஒருவரும் இல்லை.

பைக்குள் பாலிதீனில் சுற்றி வைத்திருந்த என் போன் அடித்தது. பட்டனை அமுக்கினேன். மழை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. யாருடைய மூச்சு என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"மண்ணு" என்றார்.

நான் என்ன, என்ன என்று கேட்டேன். மாத்திரைப் பையை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

"மண்ணு" என்றார் மறுபடியும். பிறகு, இழுத்து இழுத்து, ஆனால் நன்றாக விளங்குகிற மாதிரி, "நீ வராத."

நான் போனேன். போகாமல் என்ன செய்வேன்? என் முழங்கால் படியில் இறங்க ஒத்துக்கொள்ளாது. அன்று எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. வடிகால் கானுகளில் செந்தண்ணீர் நிரம்பி ரோட்டில் ஓடியது. செந்தண்ணீர் என்றால் மலை கரைகிறது என்று அர்த்தம். வாய் மாரியம்மாவைக் கூப்பிட்டது, நடுவில் அவரைத் திட்டியது. வராதே என்று சொல்ல இந்த மனிதர் யார்? ஐம்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளைப் பார்த்து வராதே என்பதா?

லயத்து முடுக்குக்கு வந்தபோது தம்பி மகனின் ஓட்டோ நின்றது. அவனும், அன்று பிள்ளைக்காம்பராவில் கூரை வேலைக்கு நின்று அங்கிருந்து ஓடி வந்த ஆயாவின் புருஷனும், அவரைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். கிராம சேவகர் ஐயாவின் குரல் வந்த உடனே அவர் எனக்கு முன்னாலேயே போனில் அவர்கள் முகத்தைத் தொட்டுவிட்டார். என்னைக் கடைசியாகத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான் கேட்டால் உடனே கீழே வருவேன் என்று அவருக்குத் தெரியும், அதனால் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்று தெரியும் வரைக்கும் பொறுத்திருக்கிறார். கம்பளிக்குள்ளிருந்து என்னைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"வராதன்னேன்ல" என்றார்.

பின்னால் மலையில் ஒரு சத்தம் கேட்டது. லொறி கல் கொட்டுவது போல, ஆனால் நிற்காமல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரை ஓட்டோவுக்குள் சரித்தோம். நான் அவர் காலடியில் மடங்கி உட்கார்ந்தேன். ஓட்டோ மேடு ஏறும்போது சேற்றில் ஒரு தரம் சக்கரம் சுற்றி நின்றது. அந்த நேரத்தை நான் சொல்லப் போவதில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகள் உட்காருகிற வாங்குகளைச் சேர்த்துப் போட்டு அவரைப் படுக்க வைத்தோம். மலையிலிருந்து கொழுந்துக்காரர்கள் நனைந்தபடியே ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பிள்ளைக்காம்பராக் குழந்தைகளை ஆயா முன்பே கொண்டுவந்துவிட்டாள். எல்லாரும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கீழே மண் எங்கள் காம்பராவுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது என்றார்கள். அடுப்படிச் சுவர் உள்ளே சாய்ந்துவிட்டதாம். இனியும் வருமா என்று யாருக்கும் தெரியாது. மழை விடவில்லை.

மகன் கொழும்பிலிருந்து கூப்பிட்டான். அவர்தான் எடுத்தார். அவன் அழுகிறான் என்று எனக்கு வெளியிலேயே கேட்டது. அவர் ஊம், ஊம் என்று கேட்டுவிட்டு வைத்தார். நீலமாக இருந்திருந்தாலும் இதே வேலையைச் செய்திருக்கும் என்று தம்பி மகன் சுவரோரம் நின்று சொன்னான். ஆயா அவனுக்கு ஒரு பதில் சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை, அவர்களும் அதோடு விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கிராம சேவகர் ஐயாவின் குரல் மறுபடி வந்தது. மண்டபத்தில் இருந்த எல்லாப் போனிலும் ஒன்றாக வந்தது. சொல்லும் வரைக்கும் யாரும் கீழே இறங்கக் கூடாது. நான் அவரிடம் போனைக் கேட்டேன், இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்று. அவர் தரவில்லை. கண்ணாடியின் வெளிச்சத்தைக் குறைத்து, கம்பளிக்கு அடியில் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"சார்ஜ் போயிரும்" என்றார். வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடாமல் கிடந்தார். நானும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.